கிளி தன்னோட றெக்கைய தானே புடுங்குதா? காரணத்த கண்டுபுடிக்க ஒரு முழு வழிகாட்டி

வெடியால எந்திரிச்சு கூண்டு மேல போட்ட துணிய எடுத்தா, அடியில பேப்பர் பூரா சாம்பக் கலர் றெக்கை கெடக்குது, கிளியோட நெஞ்சுல அஞ்சு ரூவா காசு அளவுக்கு வெறும் தோல் தெரியுது, ஆனா அது பாட்டுக்கு எப்பவும் போல தலைய சாச்சு "வாங்க வாங்க"ன்னு கூப்புடுது. எங்க ஊட்டுல இது நடந்தப்ப நான் அப்படியே கூண்டு முன்னால உக்காந்துட்டனுங்க. எங்க அம்மு ஆப்பிரிக்கன் கிரேங்கற சாம்பக் கலர் கிளி, அப்ப அதுக்கு மூணு வயசு. அடுத்த ஒரு வருசத்துல அந்த அஞ்சு ரூவா அளவு நெஞ்சு பூரா பரவி, தொடை, றெக்கைக்கு அடின்னு போயி, தலைய தவிர பாதி ஒடம்பு மொட்டையாயிருச்சு.

இப்ப அம்முவுக்கு பத்து வயசு. நெஞ்சு நடுவுல ரெண்டு வெரல் அகலத்துக்கு மட்டும் றெக்கை வரவே இல்ல, மத்த எடமெல்லாம் மூடிருச்சு. அந்த ஏழு வருசத்துல நான் புரிஞ்சுகிட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க: புடுங்கறத நிறுத்தறதுக்கு மருந்து தேடுனா கெடைக்காது, எதுக்கு புடுங்குதுன்னு தேடுனா வழி கெடைக்கும். காய்ச்சல் மாதிரிதான் இதுவும். காய்ச்சல்ங்கறது சீக்கோட பேரு இல்ல, உள்ள என்னமோ இருக்குன்னு காட்டறது. அதனால இத ஒரு வரிசையா சொல்றேன், வரிசை முக்கியம், மொதல்ல ஒடம்பு, அப்பறம் சுத்துப்புறம், கடைசியா மனசு. பலபேரு எடுத்ததுமே "கிளிக்கு போர் அடிக்குது போல"ன்னு நாலு பொம்மைய வாங்கி தொங்க விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு ஈரல் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சு அழுவறாங்க.

இன்னைக்கே செய்யக்கூடாதது

நம்ம ஊர்ல ஒறம்பரை வந்தா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. அன்பாத்தான் சொல்றாங்க, ஆனா கேக்காதீங்க. வேப்பெண்ணெய், தேங்கா எண்ணெய், வெளக்கெண்ணெய் எதுவும் தடவாதீங்க. றெக்கையில எண்ணெய் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஒடம்புச் சூட்ட காக்கற வேலைய அது செய்யாது, கிளி அத சுத்தம் பண்றேன்னு இன்னும் எச்சா கோதும், கோதறப்ப எண்ணெய் வயித்துக்குள்ள போவும். எங்க ஆத்தா மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழைச்சு பூசச் சொன்னாங்க, நானும் ஒரு தடவ பூசிட்டேன், அந்த ராத்திரிதான் அம்மு மொத தடவ ரத்தம் வர்ற அளவுக்கு புடுங்குச்சு. கோழிக்கு போடற பூச்சி பவுடர், நாய்க்கு போடற உண்ணி மருந்து, கற்பூரத் தண்ணி இதெல்லாம் கிட்டவே கொண்டு போவாதீங்க. மொளகாத் தண்ணி அடிச்சா காரத்துக்கு விட்டுரும்னு சொல்றாங்க பாருங்க, பறவைக்கு மொளகா காரமே தெரியாது, கிளி பச்ச மொளகாய ரசிச்சு திங்கறத நீங்களே பாத்திருப்பீங்க, அந்தத் தண்ணியால எரியப்போறது நம்ம கண்ணுதான்.

இன்னொண்ணு, புடுங்கறப்ப சத்தம் போட்டு அதட்டாதீங்க. ஏன்னு பின்னால சொல்றேன்.

ரத்தம் நிக்காம வந்தா மட்டும் காத்திருக்க வேண்டாம். புதுசா மொளைக்கற றெக்கைக்குள்ள ரத்தம் ஓடிட்டு இருக்கும், அது ஒடைஞ்சா ஒழுவிட்டே இருக்கும். சுத்தமான துணியில கொஞ்சம் சோளமாவு வெச்சு அந்த எடத்த மட்டும் லேசா அழுத்திப் புடிங்க, நெஞ்ச அமுக்கீறாதீங்க, பறவைக்கு நெஞ்சு விரிஞ்சாத்தான் மூச்சு. அப்படியே டாக்டருகிட்ட ஓடுங்க.

மொதல் படி: நெசமாவே புடுங்குதா, இல்ல உதுக்குதா?

பெரிய கிளிங்க வருசத்துக்கு ஒருக்கா வாக்குல பழைய றெக்கைய உதுத்து புதுசு மொளைக்க விடும். அப்ப கூண்டடியில நெறைய கெடக்கத்தான் செய்யும். வித்தியாசம் என்னன்னா, தானா உதுர்றப்ப ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா, மாத்தி மாத்தி உதுரும், எங்கயும் தோல் வெளிய தெரியாது, தலையிலயும் பொடனியிலயும் ஊசி மாதிரி வெள்ளையா குட்டிக் குட்டியா மொளைச்சிருக்கும். தோல் வெறுமையா தெரிஞ்சா அது உதுர்றது இல்லைங்க.

கீழ கெடக்கற றெக்கைய ஒண்ணு ரெண்டு எடுத்து வெளிச்சத்துல பாருங்க. அடித்தண்டு முழுசா இருந்தா வேரோட புடுங்கிருக்குது. தண்டு பாதியில நறுக்குனாப்புல, நுனி பிஞ்சு பிசுறு பிசுறா இருந்தா அது மெல்லுது. ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, வேரோட புடுங்குன எடத்துல றெக்கை மொளைக்கற துவாரம் கெடாம இருந்தா சில வாரத்துல புதுசு மொளைக்க ஆரம்பிச்சுரும், மென்னு வெச்ச றெக்கை அடுத்து உதுக்கற காலம் வர்ற வரைக்கும் அப்படியே மொட்டையாத்தான் நிக்கும். இது தெரியாம "மூணு மாசமா எல்லாம் செஞ்சேன், ஒண்ணும் மாறல"ன்னு கைவிட்டவங்கள பாத்திருக்கேன். மாறித்தான் இருந்திருக்கும், வெளிய தெரிய நாளாவும், அவ்வளவுதான்.

தோலையே கடிச்சு புண்ணாக்குதுன்னா இந்தப் படியெல்லாம் விட்டுட்டு நேரா டாக்டரு.

ரெண்டாவது படி: எங்க காணோம்னு பாருங்க

இது ரொம்ப சுலபம், ஆனா முக்காவாசிப் பேரு பாக்கறதே இல்ல. கிளியோட அலகு அதோட தலைக்கு எட்டாது. அதனால தலையில, கன்னத்துல றெக்கை முழுசா இருந்து கழுத்துக்கு கீழ மட்டும் மொட்டைன்னா அது தானே புடுங்குது. தலையிலயும் றெக்கை போயிருந்தா ரெண்டே ரெண்டுதான் யோசிக்கணும்: கூட இருக்கற ஜோடி புடுங்குது, இல்ல சீக்கு. லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல்ங்கற சின்னக் கொண்டைக் கிளி, இதுங்கள ஜோடியா வெச்சிருக்கறவங்க ஒரு ரெண்டு நாளு தனித்தனி கூண்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா யாரு புடுங்கறதுன்னு தெரிஞ்சுரும்.

றெக்கைக்கு அடியிலயும் தொடை உள்பக்கமும் மட்டும் புடுங்கி, அரிக்கற மாதிரி கத்திட்டே புடுங்குனா, அதுவும் காக்டெய்லா இருந்தா, கொடல்ல ஜியார்டியாங்கற ஒட்டுண்ணி இருக்கலாம், எச்சத்த சோதிச்சாத்தான் தெரியும். ஒரே எடத்த மட்டும் விடாம கொதறுனா அந்த எடத்துக்கு நேரா உள்ள வலி இருக்கலாம், நமக்கு வயிறு வலிச்சா கை தானா வயித்துக்கு போவுதுல்ல, அது மாதிரிதான். றெக்கை வெட்டி விட்ட பறவைன்னா வெட்டுன தண்டோட முனை வெலாவுல குத்திட்டே இருக்கும், அதுல இருந்தே பழக்கம் ஆரம்பிச்சிருக்கும். கடைக்காரங்க பறந்துரும்னு ஒரே பக்கமா ஒட்ட வெட்டி விடறாங்களே, அது எனக்கு ஆவவே ஆவாதுங்க.

புதுசா வர்ற றெக்கை முறுக்கிட்டு, தண்டு நசுங்குனாப்புல, கலர் மாறி வந்தா, காக்கட்டூங்கற பெரிய கொண்டைக் கிளிக்கு அலகு மேல இருக்கற மாவு காணாம போயி கறுப்பா மினுங்குனா, பிபிஎஃப்டின்னு சொல்ற வைரஸ் சீக்கான்னு பாக்கணும். அதுக்கு மருந்து இல்ல, மத்த கிளிக்கும் றெக்கைத் தூசியிலயும் எச்சத்துலயும் பரவும். அந்த சந்தேகம் இருந்தா அன்னைக்கே தனி ரூமு, தனி வட்டல், அந்தக் கூண்ட தொட்ட கையோட அடுத்த கூண்டுக்கு போவக்கூடாது.

மூணாவது படி: ஒரு நோட்டு போடுங்க

பத்து ரூவா நோட்டு போதும். அன்னாடும் நாலு விசயம்: எத்தன மணிக்கு புடுங்குச்சு, அதுக்கு முன்னால ஊட்டுல என்ன நடந்துச்சு, என்ன தின்னுச்சு, ராத்திரி எத்தன மணிநேரம் தூங்குச்சு. வாரத்துக்கு ஒரு நாளு அதே எடத்துல அதே வெளிச்சத்துல ஒரு போட்டோ. சமையக்கட்டு டிஜிட்டல் தராசுல எடை. வயசுக்கு வந்த ஆப்பிரிக்கன் கிரே ஏறக்குறைய 400ல இருந்து 500 கிராம் வரும், உங்க கிளியோட வழக்கமான எடைய விட பத்துல ஒரு பங்கு கொறைஞ்சா அது சாதாரண விசயமில்ல.

எங்க நோட்டுதான் எனக்கு கண்ண தொறந்துச்சு. மூணு வாரம் எழுதிட்டு ஒரு ஞாயித்துக்கெழம ஒட்டுக்கா படிச்சப்ப, அம்மு சோர்ந்து போயி புடுங்கறதெல்லாம் காலைல எட்டுல இருந்து பத்துக்குள்ள, அதுவும் ஞாயித்துக்கெழமையில மட்டும் இல்லவே இல்ல. நாங்க இருக்கறது சோமனூர் பக்கம், பக்கத்து காம்பவுண்டுல விசைத்தறி. சனிக்கெழம ராத்திரி மட்டும் தறி நிக்கும். நமக்கு பொறந்ததுல இருந்து கேட்டு பழகுன சத்தம், அது இல்லைன்னாத்தான் தூக்கம் வராது. அம்முவுக்கு அப்படி இல்ல. அது மூணு வருசமா சரியா தூங்கவே இல்லைங்கறத நான் அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

நாலாவது படி: டாக்டரு

பறவை பாத்து பழக்கமுள்ள டாக்டரா தேடுங்க. நாய் பூனை நல்லா பாக்கறவங்களுக்கு கிளி தெரியணும்னு அவசியமில்ல. நாமக்கல்லுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, உடுமலைப்பேட்டையிலயும் 2020ல இருந்து ஒண்ணு இருக்கு, கோயமுத்தூருல தனி கிளினிக்குகளும் இருக்கு. போறதுக்கு முன்னால போன் போட்டு "கிளி பாக்கறவரு எந்த நாளு இருப்பாரு"ன்னு கேட்டுட்டு போங்க. எனக்கு மொத போன எடத்துல கூண்ட தொறந்து கூட பாக்காம "செல்லுப்பூச்சி"ன்னு சொல்லி ஊசி போட்டுட்டாங்க. ஊட்டுக்குள்ள தனியா வளர்ற பெரிய கிளிக்கு செல்லுப்பூச்சியால றெக்கை போறது அபூர்வம், எல்லாரும் மொதல்ல அதத்தான் நெனைக்கறாங்க. பட்ஜிங்கற சின்னக் கிளிக்கு அலகச் சுத்தியும் காலுலயும் செதில் செதிலா வர்ற பூச்சி வேற, அது நெசம்.

நல்ல டாக்டரு என்ன செய்வாருன்னா, எடை போடுவாரு, எச்சம் சோதிப்பாரு, ரத்தம் எடுத்து ஈரல், கிட்னி, கால்சியம் பாப்பாரு, தேவைன்னா எக்ஸ்ரே, வைரஸ் சந்தேகம் இருந்தா அத கண்டுபுடிக்கற பிசிஆர் சோதனை. எக்ஸ்ரேயில ஒரு விசயம் சில சமயம் கெடைக்கும், வயித்துக்குள்ள உலோகத் துண்டு. நம்ம ஊர்ல கூண்டுன்னா ஜிஐ வலையிலதான் அடிச்சு குடுக்கறாங்க, அதுல துத்தநாகப் பூச்சு இருக்கு, கிளி நாள் பூரா கம்பிய சொரண்டி சொரண்டி அத முழுங்கும். துத்தநாகமும் ஈயமும் ஒடம்புல ஏறுனா சோர்வு, வாந்தி, கால் தள்ளாட்டம் வரும், புடுங்கறதும் வரலாம். முடிஞ்சா பவுடர் கோட்டிங் இல்ல ஸ்டீல் கூண்டுக்கு மாறுங்க. ஒடனே முடியலைன்னா புதுக் கூண்ட வினிகர் தண்ணிய ஊத்தி பிரஷ்ஷால நல்லா தேச்சுக் கழுவி, நாலஞ்சு நாளு வெயில்ல போட்டுட்டு அப்பறம் கிளிய விடுங்க, அது முழுத் தீர்வு இல்ல, கொஞ்சம் கொறைக்கும்.

போறப்ப நோட்டையும், கீழ கெடந்த றெக்கை நாலையும், அன்னைக்கு போட்ட எச்சம் பட்ட பேப்பரையும் கொண்டு போங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சுரும்.

இதோட ஒரு சட்ட விசயமும் சொல்லிர்றேன். நம்ம தோட்டத்துல பறக்கற பச்சக்கிளிய கூண்டுல வெக்கறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. மரப்பொந்துல இருந்து எடுத்த குஞ்ச வளத்தி, அது றெக்கைய புடுங்குதுன்னா, காட்டுப் பறவைய கம்பிக்குள்ள வெச்சதே காரணமா இருக்கலாம், வனத்துறைகிட்ட பேசி ஒப்படைக்கறதுதான் அதுக்கு நல்லது. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் மாதிரி வெளிநாட்டுக் கிளிய மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணோணும்.

அஞ்சாவது படி: வட்டல்ல என்ன கெடக்குது?

சூரியகாந்தி வெதையும் கடலக்காயும் மட்டுமே போட்டு வளத்துன கிளிக்கு தோல் நல்லா இருக்க வழியே இல்லைங்க. கொழுப்பு எச்சா, வைட்டமின் ஏ இல்ல, கால்சியம் இல்ல. தோல் காஞ்சு அரிக்கும், ஈரல்ல கொழுப்பு சேரும், ரெண்டுமே புடுங்க வெக்கும். ஆப்பிரிக்கன் கிரேக்கு கால்சியம் கொறையறது ரொம்ப சகஜம், முத்திப்போனா வலிப்பே வரும். கடலக்காயில இன்னொரு ஆபத்து, ஈரம் பட்டு பூஞ்சக்காளான் புடிச்சதுல அஃப்ளாடாக்சின்னு ஒரு வெசம் இருக்கும், அது நேரா ஈரல தாக்கும். காட்டுல வெளைஞ்சதுன்னு மூட்டையில கெடந்தத அள்ளிப் போடாதீங்க.

நமக்கு வெளியூரு காய் எதுவும் வேண்டாம். அரசாணிக்காய், கேரட்டு, சக்கரவள்ளிக்கெழங்கு வேகவெச்சு, பப்பாளி, செவப்பு கொடமொளகா, முருங்கக்கீரை, பச்சையா மக்காச்சோளக் கருது, மொளைகட்டுன பச்சப்பயிறு, கம்பு, தெனை. நல்ல பெல்லெட் (கிளிக்குன்னே உருட்டி விக்கற தீனி) கெடைச்சா அத அடிப்படையா வெச்சு, காய்கறி தெனமும், வெதைய பரிசா மட்டும் குடுங்க. ஒரே நாள்ல மாத்தாதீங்க, வெதைக்கே பழகுன கிளி புதுசு எது போட்டாலும் அது தீனின்னே தெரியாம பட்டினி கெடக்கும், நாங்க மாத்தி முடிக்க நாலு மாசம் ஆச்சு, எடை தெனமும் பாத்துட்டே இருந்தோம். அவகாடோ, சாக்லேட், டீ, காபி, உப்புக் கடலை, முறுக்கு இதெல்லாம் கண்டிப்பா கூடாது. எங்க அப்பாரு அம்முவுக்கு தெனமும் டீயில நனைச்ச பிஸ்கட் குடுப்பாரு, அத நிறுத்த வெச்சதுல ஒரு வாரம் என்கூட பேசல.

ஆறாவது படி: காத்து, தண்ணி, வெயிலு

ஆப்பிரிக்கன் கிரே நடு ஆப்பிரிக்காவோட மழைக்காட்டுப் பறவை, எக்லெக்டஸ்ங்கற கிளி நியூகினி பக்கம். நாம இருக்கறதோ மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுப் பக்கம். பங்குனி சித்திரையில காத்துல ஈரமே இருக்காது, ஆடி வந்தா பாலக்காட்டு கணவாயில பூந்து வர்ற காத்து புழுதிய வாரி ஊட்டுக்குள்ள கொட்டும். அதுக்கு மேல ஏசி போட்டா தோல் என்னத்துக்கு ஆவும். அதனால தெனமும் காலைல, வெறும் தண்ணிய புது ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி, மேல இருந்து தூறல் மாதிரி விழற மாதிரி அடிங்க, மூஞ்சிக்கு நேரா வேண்டாம். மொதல்ல பயப்படும், பக்கத்துல அடிச்சு பழக்கி விட்டீங்கன்னா பத்து நாள்ல றெக்கைய விரிச்சுட்டு நிக்கும். சாயங்காலம் நனைக்காதீங்க, ஈரத்தோட தூங்கக்கூடாது.

காலை வெயில்ல அரை மணி நேரம், பாதிக் கூண்டு நெழல்ல இருக்கற மாதிரி வெளிய வைங்க, பக்கத்துலயே நீங்களும் உக்காருங்க, பூனை, பருந்து எல்லாம் இருக்கு. கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயிலு கணக்கு இல்ல, கால்சியம் ஒடம்புல ஒட்டறதுக்கு வேணுங்கற கதிர கண்ணாடி தடுத்துரும்.

பொகை. இத அழுத்திச் சொல்றேன். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, பீடி சிகரெட்டு எல்லாமே பறவையோட மூச்சுக்கு கெடுதல். சிகரெட்டு புடிச்ச கையோட தூக்குனாலே கையில இருக்கற நிக்கோட்டின் காலுலயும் றெக்கையிலயும் ஒட்டும். நான்ஸ்டிக் கல்லு ரொம்ப சூடாயி பொகைஞ்சா அந்தப் பொகையில கிளி சில நிமிசத்துல செத்தே போயிரும். எங்க ஊட்டுல இப்ப இரும்புக் கல்லுதான், வெள்ளிக்கெழம சாம்பிராணி போடறப்ப அம்மு மாடிக்கு போயிரும்.

ஏழாவது படி: தூக்கம்

பத்துல இருந்து பன்னண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். ஆசாரத்துல டிவி முன்னால கூண்டு இருந்து, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் சீரியல் ஓடி, வெடியால அஞ்சுக்கு பால்காரரு வந்து பெல் அடிச்சா அதுக்கு எங்க தூக்கம்? நாங்க அம்முவுக்கு ராத்திரிக்குன்னு ஒரு சின்னக் கூண்டு வாங்கி, தறி சத்தம் எட்டாத பின்கட்டு ரூமுல வெச்சோம், ஜன்னலுக்கு கனமான பழைய ஜமுக்காளம் ரெண்டு மடிப்பு. பொழுதோட ஆறரைக்கு உள்ள, காலைல ஆறரைக்கு வெளிய. ரெண்டு மாசத்துல காலைல புடுங்கறது பாதியா கொறைஞ்சுது. காசு செலவு ரொம்ப கம்மியான வேலை இதுதான், பலன் தந்ததுல மொதல்ல இருக்கறதும் இதுதான்.

காக்டெய்லுக்கு மட்டும் ராத்திரி கும்மிருட்டு ஆவாது, திடீர்னு பயந்து அடிச்சுக்கும், ஒரு சின்ன வெளக்கு எரியட்டும். தீவாளி நோம்பி மூணு நாளும் எல்லாக் கிளிக்கும் கஷ்டம், கூடவே ஆள் இருங்க.

எட்டாவது படி: பருவம்

வயசுக்கு வர்றப்ப சில கிளி புடுங்க ஆரம்பிக்கும். கூடு கட்டோணும்னு ஒடம்பு சொல்லும், ஜோடி இருக்காது. நம்மள ஜோடியா நெனைச்சுக்கும். முதுகுலயும் வாலுக்கு அடியிலயும் தடவிக் குடுக்கறத நிறுத்துங்க, தலையும் கழுத்தும் மட்டும் போதும். அட்டப்பெட்டி, அலமாரி மூலை, சோபாவுக்கு அடி, இருட்டா பொந்து மாதிரி இருக்கற எதையும் குடுக்காதீங்க. மெத்துன்னு சூடா இருக்கற தீனி அடிக்கடி வேண்டாம். நீளமான வெளிச்ச நேரமும் இதத் தூண்டும், தூக்கத்த சரிபண்ணுனா இதுவும் கொறையும்.

ஒம்பதாவது படி: அதுக்கு ஒரு வேலை குடுங்க

இங்கதான் கொஞ்சம் நின்னு சொல்லணும். காட்டுல அமேசான் கிளிங்க தீனி தேடறதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 4ல இருந்து 6 மணி நேரம் செலவு பண்ணுது. பறக்கோணும், மரம் தேடோணும், பழுத்துச்சான்னு பாக்கோணும், ஓட்ட ஒடைக்கோணும். நாம வட்டல்ல ரொப்பி வெக்கறோம், ஒரு மணி நேரத்துல தின்னு முடிச்சுருது. மிச்ச நேரம்? அந்த அலகு எதையாச்சும் கோதித்தான் ஆவோணும், கிட்ட இருக்கறது அதோட நெஞ்சுதான்.

2003ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல இளம் அமேசான் கிளிங்கள வெச்சு இத சோதிச்சாங்க. தீனியத் தேடித் திங்கற மாதிரியும், ஏறி எறங்க விதவிதமான சாமானோடயும் வளந்த கிளிங்களுக்கு றெக்கை நல்லா இருந்துச்சு, வெறும் கூண்டுல வளந்ததுங்க புடுங்குச்சு, அப்பறம் அந்த வெறும் கூண்டுக் கிளிங்களுக்கும் அதே வசதிய குடுத்தப்ப றெக்கை தேறுச்சு. ஆரம்பத்துலயே செஞ்சா தடுக்கலாம், பின்னால செஞ்சாலும் சரிபண்ணலாம்னு எனக்கு தெம்பு குடுத்தது அதுதான்.

நம்ம பக்கத்துல இதுக்கு காசே வேண்டாங்க. மக்காச்சோளக் கருத தோகையோட குடுங்க, ஒவ்வொரு தோகையா உரிச்சு திங்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கறவங்களுக்கு கேக்கவே வேண்டாம், தேங்கா தொட்டி, நாரு மட்டை, காஞ்ச தென்னம்பாளை எல்லாமே கிளிக்கு வெளையாட்டுச் சாமான். பாக்குமட்டைத் தட்டு ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணா கவுத்தி ஓட்டை போட்டு உள்ள பத்து பெல்லெட், பேப்பர் கப்புல வெதைய போட்டு வாய மடிச்சது, பனையோலையில பொட்டலம். மொதல்ல கண்ணுக்கு முன்னால வெச்சுக் காட்டி, பாதி தொறந்தே வெச்சு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கஷ்டமாக்குங்க. எடுத்ததும் கட்டி வெச்சுட்டா அது பயந்து ஓரமா போயி உக்காந்துக்கும்.

மருந்து அடிச்ச தோட்டத்து மட்டை வேண்டாம், எதையும் கழுவி வெயில்ல காய வெச்சுட்டு குடுங்க. உக்கார்ற குச்சிக்கு கொய்யா, வேம்பு நல்லது, தடிமன் மாத்தி மாத்தி வைங்க. அரளி மட்டும் மறந்துகூட வேண்டாம், முழு வெசம். திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் துணி மலிவா கெடைக்குதுன்னு பட்டை பட்டையா கட்டி தொங்க விடறாங்க, நெஞ்சுக்கு பதிலா அத மெல்லட்டும்ங்கறது நல்ல யோசனைதான், ஆனா நூல் பிரிஞ்சு வெரல்ல சுத்திக்கிட்டா வெரலே போயிரும், முழுங்குனா எரப்பைய அடைச்சுக்கும். நீளமில்லாம சின்னதா முடிச்சுப் போட்டு, நீங்க பாத்துட்டு இருக்கறப்ப மட்டும் குடுங்க, நூல் தொங்க ஆரம்பிச்சதும் எடுத்துருங்க.

அம்முவுக்கு இப்ப காலைத் தீனி எட்டு எடத்துல ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் கண்டுபுடிக்க பதினொண்ணு ஆயிரும். அது புடுங்கிட்டு இருந்த நேரமே அதுதான்.

பத்தாவது படி: நம்ம பக்கம்

புடுங்கறப்ப நீங்க ஓடி வந்து "ஏ அம்மு, வேண்டாஞ்சாமி"ன்னு கத்துனா, கிளிக்கு என்ன புரியும்? புடுங்குனா ஆள் வருதுன்னு புரியும். நான் ஒரு வருசம் அதத்தான் சொல்லிக் குடுத்திட்டு இருந்திருக்கேன். இப்ப புடுங்குனா எந்த பதிலும் இல்லாம, கொஞ்ச நேரம் கழிச்சு எதாச்சும் சாமான மெல்ல ஆரம்பிச்சதும் போயி பேசறது, ஒரு வெதை குடுக்கறது. மனச கல்லாக்கிட்டு செய்யோணும், கஷ்டம்தான்.

என்ன மாறுச்சுன்னு யோசிங்க. ஊடு மாறுனீங்களா, கூண்டு எடம் மாறுச்சா, புள்ள காலேஜுக்கு போயிருச்சா, புதுசா நாய் வந்துச்சா, பெயிண்ட் அடிச்சீங்களா? கூண்டு நடுக்கூடத்துல நாலு பக்கமும் தொறந்து இருந்தா ஒரு பக்கம் செவுத்தோட ஒட்டி வைங்க, முதுகுக்கு ஒரு தைரியம் வேணும். நாள் பூரா ஆள் இல்லாத ஊட்டுல ஒத்தக் கிளி வளத்தறது எனக்கு சரியாப் படல. குஞ்சுலயே தாய்கிட்ட இருந்து பிரிச்சு கையில ஊட்டி வளத்துன பறவைக்கு தனியா இருக்கவே தெரியாது, அஞ்சு நிமிசம் தனியா, பத்து நிமிசம் தனியான்னு பழக்கோணும்.

காலரும் மாத்திரையும்

கழுத்துல மாட்டற காலர் புடுங்கறத நிறுத்தும், காரணத்த நிறுத்தாது. தோல கடிச்சு புண்ணாக்குனா, அந்தப் புண்ணு ஆறட்டும்னு டாக்டரு மாட்டுனா சரி. நீங்களா வாங்கி மாட்டாதீங்க, சாப்புட முடியாம, நெலை தடுமாறி இன்னும் பயந்துரும். ஃப்ளுவாக்செட்டின், க்ளோமிப்ரமின் மாதிரி மனச சாந்தப்படுத்தற மருந்துகளும் இருக்கு, ஒடம்புல சீக்கு இல்லைன்னு உறுதியான பின்னால, கடைசியா, டாக்டரோட கண்காணிப்புல மட்டும். மனுசங்க மாத்திரைய ஒடைச்சுக் குடுத்து கொன்னவங்க உண்டு.

எத்தன நாளு ஆவும்?

காரணம் சின்னதா இருந்து சீக்கிரம் புடிச்சுட்டா ரெண்டு மூணு மாசத்துல தெரியும். வருசக்கணக்கா புடுங்குனதுன்னா காரணம் போன பின்னாலயும் பழக்கம் நிக்கும், நகத்த கடிக்கறவங்கள பாருங்க, அது மாதிரி. திரும்பத் திரும்ப புடுங்குன எடத்துல துவாரமே தழும்பாயி அடைஞ்சுரும், அங்க மறுபடி வராது. மொளைக்கற சமயத்துல அரிக்கும், அந்த வாரங்கள்ல தண்ணி அடிக்கறத ரெண்டு வேளையாக்கி, மெல்லறதுக்கு எச்சா குடுங்க, அப்பத்தான் மொளைச்சத மறுபடி புடுங்காம இருக்கும். ஒரே சமயத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி நோட்டுல எழுதுனாத்தான் எது வேலை செஞ்சதுன்னு தெரியும்.

எங்க ஊட்டுல இப்பவும் வருசா வருசம் ஆடி பொறந்தா அம்மு நெஞ்சுல கைய வெக்கும். புழுதி, காத்துச் சத்தம், எதுன்னு ஒண்ண மட்டும் சொல்ல முடியல. அதனால ஆனி கடைசியிலயே மேக்கு ஜன்னல்ல ஈரத்துணி கட்டி, ராத்திரி ரூமு ஜமுக்காளத்த மூணு மடிப்பாக்கி, சோளக் கருது கட்டு ஒண்ணு காட்டுல இருந்து எடுத்தாந்து வெச்சுர்றோம். போன ஆடியில பதினேழு றெக்கை விழுந்துச்சு, அதுக்கு முந்தின வருசம் நாப்பத்தி ரெண்டு. நோட்டுல இருக்கு.